உடைந்த கடைவாய்ப்பல்லுக்கு அடைப்பா, கேப்பா? – என் அனுபவம்

முறுக்கைக் கடித்து முனை உடைந்த என் கடைவாய்ப்பல்லை எக்ஸ்ரேயில் பார்த்த கடலூர்ப் பல் மருத்துவர், குழியின் ஆழத்தைவிட, அதைச் சுற்றி எஞ்சியுள்ள சுவர்கள் மெல்லும் அழுத்தத்தைத் தாங்குமா என்பதே முக்கியம் என்றார். சிறிய சொத்தைக்குப் பல் நிற அடைப்பே போதும். என் பழைய சில்வர் அடைப்போ பல்லின் பாதி அகலத்துக்கும் மேல் பரவியிருந்ததால், மீண்டும் அடைத்தால் மீதிச் சுவரும் பிளக்கக்கூடும். அதனால் பல்லை முழுவதும் மூடும் உறையான கேப்தான் சரி என்றார். அதைப் போடுவதற்காக நல்ல பகுதியையும் சுற்றிலும் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை செதுக்க வேண்டும் என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. செதுக்கியது மீண்டும் வளராது அல்லவா? நரம்பு நன்றாக இருந்ததால் வேர் சிகிச்சை தேவைப்படவில்லை. அளவெடுத்துத் தற்காலிகக் கேப் மாட்டினார். பின்னர் சிர்கோனியா எனும் உறுதியான பீங்கான் வகையாலான கேப்பை ஒட்டி, சற்று உயர்ந்திருந்த இடத்தை வண்ணத்தாளைக் கடிக்கச் செய்து கண்டறிந்து தேய்த்த பிறகே கடி சரியாக அமைந்தது.