டைல்ஸ் தரையைவிட்டு எழும்புவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆள் நடமாட்டமே இல்லாத கூடத்தில் திடீரென்று 'டமார்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், நேற்றுவரை சமமாகக் கிடந்த இரண்டு டைல்கள் கூடாரம் போட்டதுபோல் ஒன்றோடொன்று முட்டி நிற்கின்றன. கட்டடம் இறங்குகிறதோ என்று வீட்டில் இருப்பவர்கள் பயந்துபோவார்கள். அந்தப் பயம் தேவையில்லை, அநேகமாக எல்லா வீட்டிலும் இதற்குக் காரணம் தரைக்குள்ளேயே இருக்கிறது. பயம் தெளிந்ததும் அடுத்து வரும் பேச்சு, "பசை சரியில்லை" என்பது. பசையில் குறை இருக்கலாம்தான். ஆனால் பசை விட்டுப்போனால் டைல் ஆடும், வெற்றுச் சத்தம் கேட்கும்; அவ்வளவுதான். மேலே எழும்ப வேண்டுமானால் பக்கவாட்டில் எதுவோ அதை நெருக்க வேண்டும்.

நெருக்குவது எது? கான்கிரீட் இறுகிய பிறகும் காயக் காயச் சுருங்கிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் இது நடக்கும். மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் சுருங்குவது சாதாரணம். அதன்மேல் ஒட்டியிருக்கும் டைல் சுருங்காது. சூளையில் ஈரமெல்லாம் போய் வெளியே வந்த டைல், காற்றிலும் தரையிலும் உள்ள ஈரத்தை வாங்கிக் கொஞ்சம் விரியத்தான் செய்யும். நீர் உறிஞ்சும் சாதாரண செராமிக்கில் இது கூடுதல், கண்ணாடிபோல் இறுகச் சுட்ட விட்ரிஃபைடில் மிகக் குறைவு. கீழே இருப்பது சுருங்க, மேலே இருப்பது அப்படியே நிற்க, நடுவில் மாட்டிக்கொள்வது ஒட்டுதான்.

இந்தக் கணக்கைப் பாருங்கள். 60 செ.மீ. டைல்கள் இரண்டு அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து இருக்கும் இடம் வெறும் 1 மி.மீ. குறைந்தால், அவை சேரும் விளிம்பு ஏறத்தாழ 24 மி.மீ. மேலே போக வேண்டியிருக்கும். ஒரு மில்லிமீட்டர் கண்ணுக்கே தெரியாது. இரண்டரை சென்டிமீட்டர் காலைத் தடுக்கிவிடும்.

ஆகவே முதல் தவறு, என் கணக்கில் மிகப் பெரிய தவறு, டைலைச் சுவரில் முட்ட முட்டப் பதிப்பது. சுவர் ஓரம் நான்கு பக்கமும் சுமார் 6 மி.மீ. இடைவெளி விட வேண்டும். அதன்மேல் ஸ்கர்ட்டிங், அதாவது சுவரின் அடியில் ஒட்டும் பட்டை, வந்து மூடிக்கொள்வதால் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. தூண், நிலைப்படி, படிக்கட்டின் அடி என்று டைல் போய் முட்டும் இடமெல்லாம் இதே கதை. இடைவெளியை விட்டுவிட்டு, வேலை முடியும் நேரத்தில் மிஞ்சிய கலவையை அதற்குள் தள்ளி நிரப்பிவிடுவதும் நடக்கிறது. இறுகிய கலவை இருக்கும் இடைவெளி இடைவெளியே இல்லை.

பெரிய கூடமென்றால் ஓரம் மட்டும் போதாது. உள்ளே 6 முதல் 7.5 மீட்டருக்கு ஒரு முறை, வெயில் படும் இடத்திலும் மொட்டை மாடியிலும் 2.5 முதல் 3.5 மீட்டருக்கு ஒரு முறை, ஒரு வரிசை இணைப்பில், டைல்களின் இடுக்கை வழக்கமாக நிரப்பும் க்ரௌட் கலவைக்குப் பதிலாக சிலிக்கான் மாதிரி அமுங்கிக்கொடுக்கும் சீலன்ட் போட வேண்டும். கான்கிரீட்டிலேயே விரிவு இணைப்பு (விரியவும் சுருங்கவும் இடம்விட்ட பிளவு) இருந்தால் அதே கோட்டில் டைலிலும் விட வேண்டும். அதன்மேல் குறுக்காக ஒட்டிய டைல் நிற்காது. "கோடே தெரியாமல் போடுங்கள்" என்று, டைல்களுக்கு நடுவே இடைவெளிக்காக வைக்கும் ஸ்பேசர் இல்லாமல் நெருக்கிப் பதிக்கச் சொல்பவர்கள் வீட்டுக்காரர்கள்தான். அழகுக்காகக் கேட்கிறார்கள், புரிகிறது. ஆனாலும் 2 அல்லது 3 மி.மீ. விட்டே ஆக வேண்டும்.

இனி ஒட்டில் வரும் தவறுகள். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து அழுத்துவது ஒன்று. உலர்ந்த அறையில் டைலின் அடிப்பக்கத்தில் 80 சதவீதமாவது, ஈரம் புழங்கும் இடத்தில் 95 சதவீதம் பசை பிடித்திருக்க வேண்டும். அதற்கு விளிம்பில் பல் வெட்டிய கரண்டியால் இழுத்துப் பரப்பினால்தான் முடியும். பரப்பிய பசையை வெகுநேரம் விட்டால் மேலே ஏடு படிந்துவிடும். விரலால் தொட்டால் ஒட்டாத பசை டைலிலும் ஒட்டாது. விட்ரிஃபைடு டைலின் நீர் உறிஞ்சல் 0.5 சதவீதத்துக்கு மேல் போகாது, அதனால் வெறும் சிமெண்ட் பால் உள்ளே இறங்கிப் பிடிக்க வழியில்லை. பாலிமர் கலந்த பசைதான் வேண்டும். முதுகில் இருக்கும் வெள்ளைத் தூளைத் துடைக்காமலும், தளத்தின் தூசியைப் பெருக்காமலும் ஒட்டாதீர்கள். புதிய கான்கிரீட்டுக்குக் குறைந்தது 28 நாள் கொடுங்கள்.

எழும்பிய டைலைத் தூக்கிப் போடுமுன் திருப்பிப் பாருங்கள், நடந்ததை அதுவே சொல்லும். முதுகு சுத்தமாக இருந்து பசை முழுக்கத் தரையிலேயே கரண்டிக் கோடு கலையாமல் நின்றால், ஏடு படிந்த பிறகு ஒட்டியிருக்கிறார்கள், அல்லது டைலைச் சரியாக அழுத்தவில்லை. பசை டைலோடு வந்து தரை வெறுமையாக இருந்தால் தூசி, எண்ணெய், பெயிண்ட் என்று தளத்தின் மேல் ஏதோ இருந்திருக்கிறது.

பிறகு அதே டைலை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். பல நேரம் உட்காராது. முன்பு இருந்த இடம் இப்போது சுருங்கிவிட்டது. ஓரத்தைத் தேய்த்து உள்ளே திணித்து, பலமான பசை போட்டு ஒட்டினால், அந்த டைல் நிற்கலாம், அடுத்த வரிசை எழும்பும். பழுதை ஸ்கர்ட்டிங்கிலிருந்து தொடங்குங்கள்: அதைக் கழற்றி, சுவர் ஓரம் கட்டர் ஓட்டி இடைவெளி எடுத்து, அடைந்திருக்கும் கலவையைச் சுரண்டிவிடுங்கள். அப்புறம் அறை முழுவதும் ஒரு நாணயத்தால் தட்டி, வெற்றுச் சத்தம் வரும் டைல்களைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து என்றால் அவற்றை மட்டும் மாற்றினால் போதும். பாதி அறைக்குக் குறி விழுந்தால் அந்தப் பகுதியை மொத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிப்பதே மேல்.