பிள்ளை பார்க்க வரும் தங்கச்சிக்குச் சம்பளம்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிற வீடுகளில், பாடசாலை விட்ட பிறகு பிள்ளையைப் பார்க்க ஆள் இருக்காது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குப் பிள்ளைக் காம்பரா இருக்கிறது. சின்னதுகளைப் பகலில் அங்கே விடலாம். டவுனில் இருக்கும் ஆசிரியைக்கும் தாதிக்கும் கடைக்காரருக்கும் அது கிடையாது. ஆகவே சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டோ, உயர்தரப் பெறுபேற்றுக்குக் காத்துக்கொண்டோ இருக்கிற அக்கம்பக்கத்துப் பெண்ணைக் கூப்பிடுகிறோம். அவள் எப்படிப்பட்டவள், பிள்ளை அவளோடு ஒட்டுமா என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். சம்பளத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

அதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன. இரவு ஏழரைக்குப் பிள்ளையின் தாய், அந்தப் பெண் 'அக்கா' என்று கூப்பிடுகிறவர், வீட்டுக்கு வருகிறார். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, கைப்பையைத் திறந்தபடி, "எவ்வளவு தங்கச்சி?" என்கிறார். "நீங்கள் பார்த்துக் கொடுங்கள் அக்கா" என்கிறாள் அவள். பையில் ஓர் ஐந்நூறு ரூபா நோட்டும் ஓர் ஐயாயிரம் ரூபா நோட்டும் இருக்கின்றன. ஐந்நூறு கைமாறுகிறது. நாலு மணியிலிருந்து இரண்டு பிள்ளைகளைப் பார்த்ததற்கான கூலியை அன்றைக்குத் தீர்மானித்தது பையில் மாற்றக்கூடிய நோட்டு இருந்ததா இல்லையா என்பது மட்டுமே. பதினேழு வயதுப் பெண் தன்னைவிட இருபது வயது மூத்தவரிடம் "இது போதாது" என்று சொல்வாள் என எதிர்பார்ப்பது வீண். கூப்பிடுகிறவர்தான் தொகையைச் சொல்ல வேண்டும். அதையும் முதல் நாளே, பிள்ளையை ஒப்படைக்கும் முன்னரே சொல்ல வேண்டும்.

என்ன தொகை? இங்கேதான் இரண்டாவது தவறு. பக்கத்து வீட்டில் கொடுப்பதைக் கேட்டு அதையே கொடுப்போம். அந்த வீட்டில் கொடுப்பதும் இதே போல வாசலில் நின்று கொடுத்த தொகைதான். இதைவிட நல்ல அளவுகோல் நம் கண் முன்னாலேயே இருக்கிறது. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. 2024இல் 1,350 ரூபா. 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாவும், வருகைக்கு 200 ரூபாவும் சேர்த்து 1,750 என்று அறிவித்தார்கள். எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்கு ஏறக்குறைய 220 ரூபா. அந்தச் சம்பளம் போதாது என்று மலையகமே எத்தனையோ வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறது. எனவே நம் பிள்ளையின் உயிரை யார் கையில் கொடுத்துவிட்டுப் போகிறோமோ அவளுக்கு அதற்கும் கீழே கொடுக்க எந்த நியாயமும் இல்லை. 220ஐ அடிமட்டமாக வைத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். என் கணக்கில் ஒரு பிள்ளைக்கு மணிக்கு 250, இரண்டு பிள்ளைக்கு 300. கைக்குழந்தை, மூச்சு இழுப்பு உள்ள பிள்ளை, மருந்து கொடுக்க வேண்டிய பிள்ளை என்றால் இன்னும் கூட. இரவு ஏழுக்குப் பிறகு ஒன்றரை மடங்கு. கடை, அலுவலக ஊழியர்களுக்கு மேலதிக நேரத்துக்குச் சட்டம் சொல்லும் விகிதமும் அதுதான். உங்கள் ஊரில் இது கூடுதலாகத் தெரிந்தால், நீங்கள் வேலை செய்யும் அந்த மூன்றரை மணித்தியாலத்தில் உங்கள் கைக்கு என்ன வருகிறது என்பதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

"பிள்ளை பாதி நேரம் தூங்கியதுதானே" என்று குறைப்பவர்கள் இருக்கிறார்கள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடும் வழக்கம் எத்தனை வீடுகளின் வயிற்றைக் காயவைத்தது என்பது நமக்குத் தெரியும். அதை நம் வீட்டு வரவேற்பறைக்குள் கொண்டுவர வேண்டாம். பிள்ளை தூங்கினாலும் அவள் வெளியே போக முடியாது, டியூஷனுக்குப் போக முடியாது, பிள்ளை எழுந்து அழுதால் ஓட வேண்டும். அவளுடைய நேரத்துக்குத்தான் காசு. அதனால்தான் பிந்தி வருவதும் கணக்கில் சேர வேண்டும். நானுஓயாவில் பனி மூடிவிட்டது, பஸ் ஊர்ந்து வந்தது என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த அரை மணித்தியாலம் அவளுடையது. வந்த நேரம், போன நேரம் இரண்டையும் ஒரு சின்னக் கொப்பியில் அவளே எழுதட்டும். மாதக் கடைசியில் தலையைச் சொறிய வேண்டியிருக்காது.

பிறகு வழிச்செலவு. மலையில் இருட்டியபின் மூன்று கிலோமீற்றர் என்பது சமவெளியின் மூன்று கிலோமீற்றர் இல்லை. தேயிலை மலைக்குள் ஏறும் குறுக்குப்பாதை, விளக்கில்லாத வளைவு, மழை, அட்டை. தோட்டத்துக்குள் போகும் பஸ் பல இடங்களில் சாயங்காலத்தோடு முடிந்துவிடும். முச்சக்கர வண்டிக் காசை அவள் சம்பளத்திலிருந்து கொடுக்க வைத்தால் அவள் கையில் மிஞ்சுவது என்ன? அது உங்கள் செலவு. வீட்டு ஆள் ஒருவர் கூடவே போய் விட்டுவிட்டு வருவது இன்னும் நல்லது.

இனிச் சொல்லப்போவது சம்பளத்தோடு சம்பந்தமில்லாதது போலத் தெரியும். பிள்ளை தூங்கும்போது சும்மாதானே இருக்கிறாய், அந்த நாலு கோப்பையைக் கழுவிவிடு. அடுத்த வாரம் சட்டைகளை மடித்து வை. அதற்கடுத்த வாரம் சோறு ஏற்றி வை. ஒரே மாதத்தில், பிள்ளை பார்க்க வந்தவள் அதே காசுக்கு வீட்டு வேலைக்காரி ஆகிவிடுகிறாள். பிள்ளை சாப்பிட்ட தட்டைக் கழுவலாம், பிள்ளை இறைத்த விளையாட்டுச் சாமானை எடுத்து வைக்கலாம்; அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கூடக் காசு கொடுத்தால் செய்வாள்தான். அப்படியும் கேட்க வேண்டாம் என்பேன், ஏனென்றால் சமையலறையில் நிற்கிறவள் பிள்ளையைப் பார்க்க முடியாது.

மலையகத்தில் இதற்கு இன்னொரு கனமும் இருக்கிறது. நம் பெண் பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளுக்கு அனுப்பி, மாதாமாதம் தகப்பன் கையில் காசு வாங்கிய கதை பழைய கதையில்லை. 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் வேலைக்கிருந்த வீட்டில் எரிகாயப்பட்டு வைத்தியசாலையில் இறந்தாள். அதே ஆண்டுதான் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே 16 ஆகாத பிள்ளையை "கெட்டிக்காரி" என்று சொல்லிக் கூப்பிட வேண்டாம். 16, 17 என்றாலும் பாடசாலை நேரத்தில் வேண்டாம், இரவு தங்கவைக்க வேண்டாம், மாதச் சம்பளத்துக்கு முழுநாள் வைக்க வேண்டாம். அப்படியான தேவை உள்ள வீடு வளர்ந்த ஒருவரைத் தேட வேண்டும். ஒரு பிள்ளை எங்கேயாவது வேலையில் வதைபடுவதாகத் தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

காசை அவள் கையிலேயே கொடுங்கள். வயது குறைந்தவள் என்றால் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பது தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தகப்பன் வந்து வாங்கிக்கொண்டு போகும் ஏற்பாடு வேண்டாம். பழைய சட்டையும் மிச்சச் சோறும் சம்பளமில்லை. மனமிருந்தால் கொடுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள். கோப்பை உடைந்தால் வெட்டாதீர்கள். பிள்ளை இருக்கும் வீட்டில் கோப்பை உடையும்.

ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிட வேண்டும். டவுன் ஆசிரியரின் மகள் வந்தால் முந்நூறு, தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து பெண் வந்தால் நூற்றைம்பது என்று இரண்டு விலை வைத்திருக்கும் வீடுகள் உண்டு. "அவர்களுக்கு அது பெரிய காசு" என்பது அதற்குச் சொல்லும் காரணம். பிள்ளை ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான். லயத்துப் பெண் வீட்டில் மூன்று தம்பி தங்கைகளை வளர்த்த அனுபவத்தோடு வருகிறாள். அனுபவத்துக்கு விலை வைத்தால், கூடுதலாக இருக்க வேண்டியது அவளுடைய சம்பளம்தான். பிள்ளை பார்க்க ஒரு பையன் வந்தாலும் அதே தொகை.

வர வேண்டாம் என்று கடைசி நேரத்தில் சொல்வதையும் கவனியுங்கள். அவள் டியூஷன் வகுப்பை மாற்றி வைத்திருப்பாள். அன்று காலையில் சொன்னால் பாதிச் சம்பளம், அவள் வாசலுக்கு வந்த பிறகு சொன்னால் முழுச் சம்பளம். அவளுக்குப் பரீட்சை வரும் மாதத்தில் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனில் ஹோட்டல், விருந்தினர் விடுதிகளில் வேலை செய்யும் தாய்மாருக்கு இரவு பிந்தும். அப்போது கேட்கும் கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் தொகையை மார்ச்சிலேயே பேசி வையுங்கள்.

தீபாவளிக் காசிலும் குழப்பம் வருகிறது. தோட்டத்தில் கொடுப்பது முற்பணம். பிறகு சம்பளத்தில் வெட்டிக்கொள்வார்கள். உங்கள் வீட்டில் கொடுப்பது எது என்று அவளுக்குத் தெரியாது. சந்தோஷத்துக்குக் கொடுப்பதென்றால் திரும்பக் கேட்காத தொகையாகக் கொடுங்கள். முற்பணம் என்றால் அப்படியே சொல்லி, எந்த மாதத்தில் எவ்வளவு வெட்டுவீர்கள் என்பதை அவள் நேரம் எழுதும் கொப்பியிலேயே எழுதிக் கொடுங்கள்.