தண்ணீரில் இறங்காமலே காப்பாற்றுவது எப்படி?

நீரில் மூழ்குபவர் கையை ஆட்டிக் கூச்சல் போடுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். மூச்சு வாங்கவே வாய் போதாதபோது கத்துவது எங்கே? தலை பின்னால் சாய்ந்திருக்கும். வாய் நீர்மட்டத்தில் முங்கி முங்கி எழும். உடம்பு செங்குத்தாக நிற்க, இரண்டு கைகளும் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். இந்த நிலையில் ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் போகலாம்.

படி 1: குதிக்காதீர்கள். தவிப்பவர் கைக்கு எது சிக்கினாலும் அதன்மேல் ஏறத்தான் பார்ப்பார். அது உங்கள் கழுத்தாகவும் இருக்கலாம். நீச்சல் தெரிந்தவர்களும் இப்படிப் போயிருக்கிறார்கள். சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள், ஒருவரை ஆம்புலன்ஸுக்கு போன் செய்யச் சொல்லுங்கள்.

படி 2: எட்டும் தூரமா? கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கம்பு, துண்டு, சேலை எதையாவது நீட்டுங்கள். நின்றுகொண்டு நீட்டினால் அவர் இழுக்கும் வேகத்தில் நீங்களும் உள்ளே.

படி 3: எட்டாவிட்டால் கேன். இதை இன்றே செய்துவைக்கலாம். மூடி இறுக்கமான 5 லிட்டர் பிளாஸ்டிக் கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் ஊற்றி மூடுங்கள். வெறும் கேன் காற்றில் திசைமாறிப் போகும், அதற்காகத்தான் இந்தக் கொஞ்சம் எடை. கைப்பிடியில் 15 மீட்டர் கயிற்றை முடிச்சுப் போடுங்கள். நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு நல்லது. வீசும்போது மறுமுனையைக் காலால் மிதித்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் கட்டவே கூடாது. ஆளைக் குறிவைக்காமல் அவர் தலையைத் தாண்டி வீசுங்கள். கயிறு தோள்மேல் விழும், பிடித்துக்கொள்வார். பிறகு மெதுவாக இழுங்கள். காலி இடத்தில் நாலு தடவை வீசிப் பழகினால் கை தானே படிந்துவிடும்.

படி 4: கரையேற்றியதும் மூச்சைப் பாருங்கள். வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எல்லாம் வேண்டாம். வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாய்வழி மூச்சுக் கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று உதவி வரும்வரை தொடருங்கள். இதை நேரடிப் பயிற்சியில்தான் சரியாகக் கற்க முடியும்.

சின்னக் குழந்தை விஷயத்தில் இந்தக் கேனை நம்பி இருக்காதீர்கள். அவர்களுக்குக் குளமே வேண்டாம், பாதி நிறைந்த வாளி போதும். வாளியை உடனே கவிழ்த்துவிடுங்கள். தண்ணீரருகே என்றால் கைக்கெட்டும் தூரத்தில் நில்லுங்கள், போனை உள்ளே வைத்துவிட்டு.

மீட்கப்பட்டவர் எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லை" என்றாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரும்.