பழைய டிராக்டரில் ஸ்டியரிங் ஆட்டம்: கீழேயிருந்து மேலே பார்த்துச் சரிசெய்வது

ஸ்டியரிங் ஆடுகிறது என்றதும் பலரும் முதலில் கை வைப்பது ஸ்டியரிங் கியர் பெட்டி மேல் இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்குரூவில். கடைசியாகத் தொட வேண்டிய இடம் அது. ஆட்டத்தில் பெரும்பகுதி கீழேதான் இருக்கும்: ராடு முனைகளில் உள்ள பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு), முன் சக்கரம் திரும்பும் அச்சான ஸ்பிண்டிலின் புஷ், வீல் பேரிங். குமரி மாவட்டத்தில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் இரண்டு பூவுக்கும் (நெல் போகத்துக்கும்) தொளிச் சேற்றில் இறங்கும் வண்டி என்றால் சொல்லவே வேண்டாம். பூட் (ரப்பர் உறை) கிழிந்த ஜாயிண்டுக்குள் சேறு புகுந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். மணக்குடி, ராஜாக்கமங்கலம் போன்ற கடலோர ஊர்களில் துருவும் கூடச் சேரும். கும்பப்பூ அறுத்து முடித்து, கன்னிப்பூ உழவு தொடங்குவதற்கு முன் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சொல்வது பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டிகளுக்கு.

முதலில் அளவு. சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களை நேராக வைத்து, இஞ்சினை அணையுங்கள். ஸ்டியரிங் வளையத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டயர் அசையத் தொடங்கும் வரை இடப்பக்கமும் வலப்பக்கமும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். கோடு மொத்தம் இரண்டு அங்குலம் வரை நகர்ந்தால் பழைய வண்டிக்குப் பரவாயில்லை. அதைத் தாண்டினால் தேய்மானம்தான்.

அடுத்து ஆட்டம் எங்கே என்று பிடிக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை அந்த ஆட்டத்துக்குள்ளேயே இப்படியும் அப்படியும் அசைக்கட்டும். மற்றவர் ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைத்துத் தொட்டுப் பார்க்கட்டும். இரண்டு பாகமும் சேர்ந்து நகர்ந்தால் அந்த இணைப்பு நன்றாக இருக்கிறது. ஒன்று நகர்ந்து மற்றது தாமதித்தால் அங்கேதான் தேய்மானம். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரலுக்குத் தெரியும். பெட்டியின் ஷாஃப்டில் மாட்டி ராடை அசைக்கும் டிராப் ஆர்மை மறக்காமல் பாருங்கள். ஷாஃப்ட் திரும்பி ஆர்ம் நிற்கிறது என்றால், நட் தளர்ந்திருக்கும் அல்லது பல் தேய்ந்திருக்கும். ஃபெர்குசன் 35 மாதிரி வண்டிகளில் இருபுறமும் ஒவ்வொரு டிராப் ஆர்ம் உண்டு, இரண்டையும் பார்க்க வேண்டும்.

இனி ஜாக்கி. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன் ஆக்சிலைத் தூக்கி, கனமான மரக்கட்டைகளில் இறக்கி நிறுத்துங்கள். வெட்டுக்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டாம், பாரத்தில் திடீரென்று நொறுங்கும். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஹப் மட்டும் ஆடி ஸ்பிண்டில் அசையாமல் இருந்தால் வீல் பேரிங். ஸ்பிண்டிலும் சேர்ந்து ஆக்சில் துளைக்குள் ஆடினால் புஷ். முழு ஆக்சிலும் முன்னும் பின்னும் நகர்ந்தால் நடுவில் உள்ள சென்டர் பின்னும் அதன் புஷ்ஷும்.

வீல் பேரிங் எளிது. சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். சுழல்வது கனத்ததும், காட்டர் பின் (நட் கழலாமல் தடுக்கும் கம்பி) துளைக்கு நேராக வரும் வரை சற்றுத் தளர்த்துங்கள். பேரிங் உருளையில் குழி விழுந்திருந்தால் இறுக்கிப் பயனில்லை. வெளி வளையமான கப்பையும் சேர்த்து மாற்றுங்கள்.

பால் ஜாயிண்டைக் கழற்றும்முன் ராடின் இரு முனை மையங்களுக்கு இடையே உள்ள நீளத்தை அளந்து எழுதி வையுங்கள். ராடின் ஒரு முனையில் இடது மரை இருக்கலாம், அதைத் தெரியாமல் பலம் கொடுத்தால் மரை போய்விடும். காட்டர் பின்னை எடுத்து, நட்டை முழுக்கக் கழற்றாமல் சில மரை விட்டு வையுங்கள். ஆர்ம் கண்ணின் பக்கவாட்டில் ஒரு கனமான சுத்தியை அண்டக்கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியால் ஓங்கி அடித்தால், டேப்பர் (ஜாயிண்ட் போல்ட்டின் கூம்புப் பகுதி) தானே விடும். போல்ட் முனையில் அடித்தால் மரை நசுங்கி, புது நட் வாங்கியும் பயன் இருக்காது. மாட்டும்போது டேப்பரைத் துடைத்து, கிரீஸ் இல்லாமல் காய்ந்த நிலையில் மாட்டுங்கள். கிரீஸ் பட்டால் பிடிமானம் குறையும். ஜாயிண்டையோ ஆர்மையோ வெல்டிங் வைத்து ஓட்டுவதை நாங்கள் ஒப்புக்கொள்ளமாட்டோம். இரும்பு சூடேறிக் குணம் மாறும். பாரம் ஏற்றிய டிரெய்லருடன் மார்த்தாண்டம் பக்கத்து இறக்கத்தில் அது முறிந்தால் பிறகு வண்டி யார் சொல்வதையும் கேட்காது.

ஸ்பிண்டில் புஷ்ஷில்தான் புதியவர்கள் தவறுவது அதிகம். பழையதைத் தட்டி வெளியேற்றி, துளையை மண்ணெண்ணெயில் கழுவுங்கள். புது கன்மெட்டல் புஷ்ஷைச் சுத்தியால் அடிக்காதீர்கள். நீண்ட போல்ட்டும் இரண்டு தடித்த வாஷர்களும் வைத்து நட்டை இறுக்கி இழுத்து உள்ளே ஏற்றுங்கள். ஏற்றும் முன், புஷ்ஷில் உள்ள கிரீஸ் துளை நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) துளைக்கு நேராக வருமாறு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அது விலகினால் கிரீஸ் கன் எவ்வளவு அழுத்தினாலும் கிரீஸ் உள்ளே போகாது, சில மாதத்தில் புஷ் தீர்ந்துவிடும். ஏற்றியபின் ரீமர் (துளையைச் சீவி அளவாக்கும் கருவி) பிடித்து, எண்ணெய் தடவிய ஸ்பிண்டில் கைப்பலத்தில் இறங்கும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். அது லேத்துக்காரர் வேலை. ஸ்பிண்டிலும் பள்ளம் விழுந்திருந்தால் புது புஷ் மட்டும் போதாது. அடியில் பாரம் தாங்கும் திரஸ்ட் பேரிங்கையும் அதோடு மாற்றிவிடுங்கள்.

கீழே எல்லாம் முடிந்தபின் மறுபடி சாக்பீஸ் கோட்டைப் பாருங்கள். ஆட்டம் இன்னும் இருந்தால் மட்டும் பெட்டி. ஸ்டியரிங் வளையத்தை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். நகர்ந்தால் உள் பேரிங் தளர்ந்திருக்கிறது, ஷிம் (மெல்லிய தகடு) ஒவ்வொன்றாக எடுத்து இறுக்க வேண்டும். ஸ்குரூ உள்ள பெட்டி என்றால், ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றுகளை எண்ணி, சரியாக நடுவில் நிறுத்திவிட்டு மட்டும் அதைத் தொடுங்கள். லாக் நட்டைத் தளர்த்தி, ஒரு நேரத்தில் எட்டில் ஒரு சுற்றுதான். பற்கள் நடுவில்தான் அதிகம் தேயும். நடுவில் ஆட்டம் சுத்தமாகப் போகும்வரை இறுக்கினால், தேயாத ஓரங்களில் கடித்துப் பிடிக்கும். எனவே இறுக்கியதும் இரு கோடிக்கும் திருப்பி, எங்கும் பிடிக்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். பிடித்தால் கொஞ்சம் தளர்த்துங்கள்.

பெட்டி ஆயிலுக்குப் பெரும்பாலும் 90 கியர் ஆயில். சீல் கசிகிறது என்று சிலர் கிரீஸ் அடைத்துவிடுவார்கள். கிரீஸ் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும், உள்ளே பால்கள் காய்ந்து ஓடும். சீலை மாற்றுவதுதான் வழி.

கடைசியாக, இரு முன் டயர்களுக்கும் இடையே அச்சு உயரத்தில் முன்புறமும் பின்புறமும் அளவெடுங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் முன்புறம் சில மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். உங்கள் மாடலின் அளவு மேனுவலில் இருக்கும். கழற்றிய காட்டர் பின் எதையும் திரும்பப் போடாதீர்கள், எல்லாம் புதிது. 10 மணி நேரம் ஓட்டியபின் டிராப் ஆர்ம் நட்டை ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பார்த்துவிடுங்கள். தொளி அடிக்கும் நாட்களில் மாலை வண்டியைக் கழுவியதும் எல்லா நிப்பிளிலும், பழைய கருப்பு கிரீஸ் வெளியே வந்து புதியது எட்டிப்பார்க்கும் வரை கன் பிடியுங்கள்.