திரும்பத் திரும்ப வரும் சீழ்க்கட்டி: மருந்துக்கு அடங்காத கிருமியை வீட்டிலிருந்து அகற்றும் முறை

தொடையில் வந்த கட்டி ஆறி இரண்டு மாதம் ஆகவில்லை, அக்குளில் இன்னொன்று. பிறகு பிள்ளையின் முதுகில் ஒன்று. இதைச் சூட்டுக் கட்டி என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம் ஸ்டஃபைலோகொக்கஸ் ஒரியஸ் என்ற கிருமி. பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேரின் மூக்குக்குள் அது எந்தத் தொல்லையும் தராமல் இருக்கும். கீறலோ, நுளம்புக் கடியைச் சொறிந்த காயமோ, சவரக் காயமோ கிடைத்தால் உள்ளே இறங்கிவிடும்.

அதில் ஒரு வகைதான் எம்.ஆர்.எஸ்.ஏ. மெதிசிலின் மருந்துக்கு அடங்காத இந்த வகை 1961இலேயே பிரித்தானியாவில் பதிவாகிவிட்டது. பெனிசிலின் குடும்ப மருந்துகளும் அவற்றை ஒத்தவையும் கிருமியின் சுவரைக் கட்டும் புரதத்தைப் பிடித்து முடக்குபவை. இந்த வகையிடம் அந்த மருந்துகளின் பிடியில் சிக்காத வேறொரு புரதம் இருக்கிறது. அதனால்தான் குளொக்சசிலின், செஃபலெக்சின், கோ-அமொக்சிகிளாவ் மூன்றையும் மாற்றி மாற்றி விழுங்கினாலும் பலன் இல்லை. பார்மசியில் பழைய துண்டைக் காட்டி அதே குளிசையை வாங்குவது பணத்தையும் நாளையும் வீணாக்கும்.

கட்டி வந்தவுடன் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் சுத்தமான துணியை நனைத்து, 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை ஒத்தடம் கொடுங்கள். துணியை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள். பிதுக்கவும் ஊசியால் குத்தவும் கூடாது. சீழ் ஆழத்துக்குப் போய்ப் பரவும். மூக்கிலும் மேலுதட்டிலும் வந்த கட்டியில் கை வைக்கவே வேண்டாம். அங்குள்ள இரத்த நாளங்கள் வழியாகக் கிருமி மண்டைக்குள் போக வழி உண்டு.

கட்டி மெதுத்துவிட்டால் அதைக் கீறிச் சீழை வெளியேற்றுவதுதான் முதல் வைத்தியம். சீழ் நிறைந்த குழிக்குள் எந்த அன்டிபயோடிக்கும் சரியாகப் போய்ச் சேராது. கீறும்போதே, முதல் குளிசைக்கு முன்பே, சீழைக் கல்ச்சர் பரிசோதனைக்கு (கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்ப்பது) அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மேல்தோலில் தடவி எடுத்த மாதிரி போதாது, உள்ளிருந்து வந்த சீழ் வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அறிக்கையில் செஃபொக்சிடின் அல்லது ஒக்சசிலினுக்கு நேரே ‘ஆர்’ (R, மருந்துக்கு அடங்காது என்று பொருள்) என்றிருந்தால் அது எம்.ஆர்.எஸ்.ஏ. கிளிண்டமைசின், கோ-ட்ரைமொக்சசோல், டொக்சிசைக்கிளின் போன்றவற்றில் எது கேட்கும் என்பதும் அதிலேயே இருக்கும். வயது, கர்ப்பம், ஒவ்வாமை பார்த்து வைத்தியர் தெரிவு செய்வார். அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த தடவை எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் காட்ட வேண்டியது அதுதான்.

புண்ணை கோஸ் வைத்து மூடியே வைத்திருங்கள். திருகோணமலைப் புழுக்கத்தில் வியர்வைக்கு பிளாஸ்டர் கழன்றுவிடும். நாளுக்கு ஒரு தடவையாவது, நனைந்தால் உடனேயும் மாற்றுங்கள். கழற்றியதைப் பையில் கட்டி எறிந்து, சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். புண் மூடும்வரை கடல் குளிப்பும், கன்னியா வெந்நீரூற்றும், விளையாட்டுக் குழுவோடு உடுப்பு மாற்றுவதும் வேண்டாம்.

கட்டி ஆறிய பிறகுதான் முக்கியமான வேலை தொடங்குகிறது, அதைத்தான் பெரும்பாலானோர் செய்வதில்லை. உடலில் தங்கிய கிருமியைக் குறைக்க வைத்தியர் எழுதிக் கொடுப்பது பொதுவாக இரண்டு. ஒன்று 2 சதவீத முபிரோசின் மூக்குக் களிம்பு: தீக்குச்சித் தலையளவு எடுத்து ஒவ்வொரு நாசிக்குள்ளும் தடவி, மூக்கை ஒரு நிமிடம் மெதுவாக அமுக்கிவிடுங்கள். காலை, இரவு, ஐந்து முதல் பத்து நாள். மற்றது குளிக்கும்போது பூசிக் கழுவும் 4 சதவீத குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினித் திரவம், நாளுக்கொரு தடவை. இதில் நடக்கும் பிழை, வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றுவது. முதலில் சாதாரண சவர்க்காரத்தால் குளித்து நன்றாக அலசுங்கள். சவர்க்காரம் மிஞ்சினால் மருந்தின் வேகம் குறையும். பிறகு ஈரத்தோலில் நேரடியாகப் பூசி, அக்குள், கவட்டை, தொப்புள், விரலிடுக்கு எல்லாம் தேய்த்து, இரண்டு நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கண்ணிலும் காதுக்குள்ளும் படக் கூடாது. வீட்டில் கட்டி வந்த எல்லோரும் ஒரே கிழமையில் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் திரும்பி வரும். முபிரோசினை மாதக்கணக்கில் பூசினால் அதற்கும் கிருமி பழகிவிடும்.

சிலருக்கு பிளீச் குளியலும் சொல்லப்படும்: வாசனையோ சவர்க்காரமோ சேராத, ஏறக்குறைய 6 சதவீதப் பிளீச், 10 லீற்றர் தண்ணீருக்கு இரண்டரைத் தேக்கரண்டி, கிழமைக்கு இரண்டு தடவை, 15 நிமிடம். பேசினில் இருத்தக்கூடிய பிள்ளைக்கு வசதி. அளவை வைத்தியரிடம் உறுதிப்படுத்திக்கொண்டு தொடங்குங்கள். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள் பல மடங்கு கடுமையானது, அதைத் தோலுக்குப் பாவிக்கவே கூடாது.

அதே நாட்களில் ஆளுக்கொரு துவாய், ஆளுக்கொரு சவரக்கத்தி. சாரம், தலையணை உறை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் மாற்றி, சூடான தண்ணீரில் தோய்த்து, நல்ல வெயிலில் முழுதாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு மடித்த துவாய்தான் கூடுதல் ஆபத்து. சலூனில் புது பிளேட்டைக் கண்ணுக்கு முன்னால் மாற்றச் சொல்லுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

இவ்வளவும் செய்தும் வந்தால் சீனி பாருங்கள்: வெறும் வயிற்றில் 126 mg/dL அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவுக்கு வைத்தியம் தொடங்காமல் கட்டி அடங்காது. சொறியும் கரப்பனும் இருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். அக்குளிலும் கவட்டையிலும் மட்டும் வடுவும் துளையுமாக வந்துகொண்டிருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம், தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்ட் கலந்த களிம்பைச் சொந்தமாக வாங்கிப் பூசினால் சிவப்பு மறையும், கிருமி வளரும்.

காய்ச்சல், நடுக்கம், மணிக்கணக்கில் பரவும் சிவப்பு, பார்வைக்குத் தெரிவதைவிடக் கடுமையான வலி இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். ஈரல் நோயோ நீரிழிவோ உள்ளவருக்குக் கடல் தண்ணீர் பட்ட காயம் வீங்கிக் கறுத்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். விப்ரியோ என்ற கடற்கிருமி மிக வேகமாகப் பரவும். மாரி மழையில் வயற்சேற்றில் நின்ற நீரிழிவுக்காரருக்குக் காய்ச்சலோடு சீழ்க்கட்டி வந்தால், “வயலில் வேலை செய்தேன்” என்று வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். மண்ணிலிருந்து வரும் மெலியோய்டோசிஸ் என்ற நோய்க்குத் தேவைப்படும் மருந்தும் கால அளவும் முற்றிலும் வேறு. சொல்லாவிட்டால் அதைத் தேடிப் பார்க்கத் தோன்றாமல் போகக்கூடும்.