சிங்கராஜ வனத்தில் பறவை பார்க்க வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் சிங்கராஜ வனத்துக்கு முதன்முறையாக வருகிற பறவை ஆர்வலர்களோடு நடக்கும்போதெல்லாம், ஒருவர் இடறிய இடத்திலேயே அடுத்தவரும் இடறுவதைப் பார்க்கிறேன். அட்டைக்கடியைத் தடுக்கும் காலுறை, மழையங்கி, மங்கிய நிற உடை ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவற்றைத் தங்குமிடத்துக்காரரே முதல் நாள் மாலைத் தேநீரோடு சொல்லிவிடுவார். நல்ல வழிகாட்டி உடனிருந்தும், பணமும் விடுப்பும் செலவழித்தும், பார்த்திருக்கக்கூடிய பறவைகளைப் பார்க்காமல் ஊர் திரும்பச் செய்கிற தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

ஒரே இரவு தங்குவது

கொழும்பிலிருந்து புறப்பட்டுக் கலவானை, வெத்தாகல வழியாகக் குடாவ நுழைவாயிலை அடைவதற்கே அரை நாள் போய்விடும். ஆண்டுக்கு 3,600 முதல் 5,000 மில்லிமீட்டர் வரை மழை பெய்கிற காடு இது. மழை குறைவான மாதங்கள் என்று நம்பி வருகிற ஆண்டின் தொடக்க மாதங்களிலும் பிற்பகல் வானம் எவருக்கும் உத்தரவாதம் தருவதில்லை. ஓர் இரவு மட்டும் தங்குகிறவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு காலைப்பொழுது. அதுவும் நனைந்துவிட்டால் பயணமே முடிந்தது. மூன்று இரவுகளுக்குக் குறைவாகத் திட்டமிட வேண்டாம்.

கூட்டம் வரும்போது கேமராவைத் தூக்குவது

இந்தத் தவற்றைத்தான் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தக் காட்டில் ஒரு மணி நேரம் நடந்தும் ஒரு பறவைகூடக் கண்ணில் படாமல் போகலாம். பின்னர் திடீரென்று மரங்களின் எல்லா அடுக்குகளிலும் அசைவு தெரியும். பல இனப் பறவைகள் ஒன்றுசேர்ந்து இரை தேடியபடி நகர்கிற கலப்புக் கூட்டம் அது. பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவரோடு பணியாற்றியோரும் 1980களின் தொடக்கத்திலிருந்து இக்கூட்டங்களை ஆராய்ந்து வந்துள்ளனர். சராசரியாக ஒரு கூட்டத்தில் ஏறத்தாழ 40 பறவைகளும் 11 அல்லது 12 இனங்களும் இருக்கும் என்பது அவர்களுடைய கணக்கு. செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்கள் ஓயாமல் இரைச்சலிட்டபடி கூட்டத்தை நடத்திச் செல்லும். கொண்டைக் கரிச்சான் நடு உயரத்தில் அமர்ந்து, மற்றவை கலைத்துவிடுகிற பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கும். ஆபத்து வந்தால் எச்சரிப்பதும் பெரும்பாலும் அதுவே. சாம்பல்தலைச் சிரிப்பான்கள் தரையை ஒட்டிச் சருகுகளைக் கிளறும். தீக்காக்கை நடு அடுக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். செம்முகப் பூங்குயிலும் வெண்முக மைனாவும் உச்சிக் கிளைகளில் இருக்கும்.

செம்முகப் பூங்குயில் உலகில் இலங்கையில் மட்டுமே வாழ்வது. அவ்வளவு பெரிய பறவையாக இருந்தும் அதிகம் குரல் கொடுக்காது. இலைகளுக்கிடையில் அணிலைப் போல ஊர்ந்து செல்லும். பெரும்பாலும் கலப்புக் கூட்டத்தோடுதான் காணக் கிடைக்கும். ஆகவே கூட்டம் கடந்து போகிற அந்தச் சில நிமிடங்களைத் தவறவிட்டவர், அன்று அதைத் தனியே தேடிக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

சென்ற பருவத்தில் எங்களோடு வந்த ஒருவர் முழங்கை நீள லென்ஸும் முக்காலியும் கொண்டுவந்திருந்தார். ஆய்வு முகாமுக்குச் செல்லும் பாதையில் சிலம்பன்களின் இரைச்சல் கேட்டதும் வழிகாட்டி கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். முதலில் வெளியே வந்தது நீல மேக்பை. அழகான பறவைதான்; ஆனால் அது தங்குமிடத்துச் சமையலறையின் பின்புறத்துக்கே மிச்சம் மீதி தேடி வருகிற பறவை, மறுநாள் காலை உணவின்போது நிதானமாகப் படம் எடுத்திருக்கலாம். நண்பரோ பாதையின் நடுவே முக்காலியை விரித்து, பின்னால் இருந்தவர்களின் வழியை அடைத்து, அதை மட்டுமே சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய தலைக்கு நேர் மேலே இரண்டு பூங்குயில்கள் கிளைக்குக் கிளை தாவின. வழிகாட்டி தாழ்ந்த குரலில் இரண்டு முறை சொன்னார். "எங்கே, எங்கே?" என்று அவர் நிமிர்ந்தபோது இலைகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. அதன் பிறகு, அவற்றைத் "திரும்ப வரவழைக்க" முடியுமா என்று வழிகாட்டியிடம் கேட்டார். அடுத்த இரு நாள்களும் மழை.

செய்ய வேண்டியது கடினமானதன்று. இரைச்சல் கேட்டதும் கேமராவைத் தோளுக்குத் தள்ளிவிட்டு, வழிகாட்டி காட்டுகிற இடத்துக்கு, கூட்டத்துக்குச் சற்று முன்பாகவே சென்று நில்லுங்கள். குடாவப் பக்கத்துப் பாதை, 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக மரம் வெட்டி ஏற்றிச் செல்ல அமைத்த அகலமான பாதையாதலால், கூட்டம் அதைக் கடக்கும்போது பறவைகள் சற்று வெட்டவெளியில் தெரியும். குழுவில் ஒருவர் தரையையும், ஒருவர் நடு அடுக்கையும், ஒருவர் உச்சியையும் பார்ப்பதென்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். கடிகார முள்ளின் திசைப்படி இடம் சொல்லவும், கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல் இருநோக்கியை முகத்துக்குக் கொண்டுவரவும் வீட்டு மாடியில் காக்கையை வைத்தே பழகிவிட்டு வரலாம். கூட்டத்தின் முன்பகுதி போய்விட்டதும் பின்னாலேயே ஓட வேண்டாம். பின்தங்கி வருகிறவை இன்னும் இருக்கும். புத்தகத்தைப் புரட்டுவதையும் பெயரை விவாதிப்பதையும் கூட்டம் போன பிறகு வைத்துக்கொள்ளலாம்.

செயலி சொன்ன பெயரை அப்படியே எழுதிக்கொள்வது

கொண்டைக் கரிச்சான் மற்ற பறவைகளின் பாட்டையும் எச்சரிக்கைக் குரலையும் அச்சு அசலாகப் பாடிக் காட்டும். கைபேசிச் செயலி அந்தக் குரலுக்குரிய பறவையின் பெயரைத்தான் சொல்லும். பார்த்ததை மட்டும் பட்டியலில் சேருங்கள்.

பதிவுக் குரலை ஒலிக்கவிடுவது

கூடாது. அதைத் தன் இடத்துக்குள் புகுந்த இன்னொரு பறவையின் குரல் என்று எண்ணி, இரை தேட வேண்டிய பறவை, இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது.

சிற்றாந்தைக்காக வழிகாட்டியை நெருக்குவது

செரண்டிப் சிற்றாந்தையின் குரலைப் பறவையியலாளர் தீபால் வரகாகொட முதன்முதலில் 1995இல் கித்துல்கல காட்டில் கேட்டார். பறவையை நேரில் கண்டது 2001 ஜனவரியில், இதே சிங்கராஜ வனத்தில். அறிவியல் விவரிப்பு 2004இல் வெளியானது. குரலை அறிந்த ஒருவருக்கே ஆறு ஆண்டுகள் பிடித்த பறவையை, கூடுதல் பணம் தருகிறேன், காலை பத்து மணிக்குள் காட்டு என்று கேட்பது நியாயமன்று. பகலில் அது தாழ்ந்த புதர்களுக்குள் அடங்கியிருக்கும். பணத்துக்காக ஒரு வழிகாட்டி அந்த இடத்துக்குத் தினமும் ஆட்களை அழைத்துச் சென்றால், புதர்கள் மிதிபடும், பறவையும் இடம் மாறிவிடும். அடுத்து வருகிற குழுவுக்கும் அது கிடைக்காது.

கருவிகள்

குளிரூட்டிய வண்டியிலிருந்து இறங்கியதும் லென்ஸ் முழுவதும் நீர் பூத்துவிடும். கடைசி அரை மணி நேரம் குளிரூட்டியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வாருங்கள். டீட் கலந்த பூச்சிவிரட்டியைத் தடவிய கையால் இருநோக்கியைத் தொட வேண்டாம். ரப்பர் உறையும் பிளாஸ்டிக்கும் அதில் கெட்டுவிடும். மரக்கவிகைக்குக் கீழே வெளிச்சம் குறைவு என்பதால், 10 மடங்கு பெரிதாக்கும் இருநோக்கியை விட 8x42 அளவே (8 மடங்கு, 42 மி.மீ. முகப்பு லென்ஸ்) இங்கு உதவும்.

வழிகாட்டிக்கு முன்னால் நடப்பது

அதிகாலையில் இலங்கைக் காட்டுக்கோழி பாதையிலேயே மேயும். சுண்டங்கோழியும் ஓரத்தில் சில நொடிகள் தலைகாட்டக்கூடும். முன்னால் போகிறவருக்கு ஓடி மறைகிற வால் தெரியும், பின்னால் வருகிறவர்களுக்கு அதுவும் இல்லை.