அணை மீனில் டிஎன்ஏ மாதிரி எடுப்பது எப்படி: கத்தி முதல் உறைபெட்டி வரை

அருங்காட்சியகத்துக்கு மீன் சேகரிக்கப் புதிதாக இறங்குபவர்கள் பிடித்த மீனை அப்படியே ஃபார்மலினில் போட்டுவிடுவார்கள். உடல் வடிவம் கெடாது. ஆனால் ஃபார்மலின் டிஎன்ஏவைப் புரதங்களோடு பிணைத்துச் சிதைத்துவிடும். பிறகு மரபணு ஆய்வுக்கு அதிலிருந்து எதையும் எடுப்பது பெரும்பாடு. எனவே முதலில் திசு, பிறகுதான் ஃபார்மலின்.

பழகுவதற்கு ஜிலேபிக் கெண்டை போதும். கிருஷ்ணகிரி கேஆர்பி அணையில் வலை எடுப்பவர்களிடம் சொல்லிவைத்தால் உயிரோடு வாங்கலாம். கடையில் ஐஸில் கிடப்பது எப்போது செத்தது என்று தெரியாது, வேண்டாம். காட்டு விலங்குகள் பக்கம் போகாதீர்கள்: தொப்பூர் கணவாயில் வண்டியில் அடிபட்டுக் கிடந்தாலும், 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ள விலங்கென்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் தொடக்கூடாது.

தேவையானவை: சிலிக்கோன் வளையத்தோடு கூடிய 2 மி.லி. திருகுமூடிக் குப்பிகள், 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனால், அறுவைக் கத்தி, இடுக்கி, கையுறை, ப்ளீச், பென்சில், தடித்த காகிதம். எத்தனாலைக் கல்லூரி ஆய்வகம் வழியாக முறையான அனுமதியோடு வாங்குங்கள். மருந்துக் கடை ஸ்பிரிட்டும் சானிடைசரும் ஆகாது. அவற்றில் தண்ணீரும் வேறு கலப்புகளும் இருக்கும்.

1. வெட்டுதல்

மீனின் இடப்பக்கத்தைப் படம் எடுங்கள். வெட்டுவது எப்போதும் வலப்பக்கம்; இடப்பக்கம் பின்னால் வருபவர்கள் பார்த்து அளக்க முழுசாக இருக்க வேண்டும். முதுகுத் துடுப்புக்குக் கீழே செதிலைச் சுரண்டி, தோலை விலக்கி, சதையில் அரிசி மணி அளவுக்கு நான்கு துண்டுகள் எடுங்கள். பெரிதாக வெட்டினால் நல்லது என்று தோன்றும். ஆனால் எத்தனால் ஓரத்தை இறுக்கிவிட்டு உள்ளே மெதுவாகத்தான் போகும், அதற்குள் நடுப்பகுதி அழுகிவிடும். குடலைத் தொடாதீர்கள், செரிமான நொதிகளும் பாக்டீரியாவும் நிறைந்த இடம் அது.

அடுத்த மீனுக்குப் போகுமுன் கத்தியையும் இடுக்கியையும் 10 சதவீத ப்ளீச்சில் ஒரு நிமிடம் வைத்து, நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். அலசாமல் விட்டால் ஒட்டியிருக்கும் ப்ளீச் உங்கள் மாதிரியின் டிஎன்ஏவையும் அழிக்கும்.

2. குப்பியில் இடுதல்

ஒரு குப்பிக்கு இரண்டு துண்டு வீதம் இரண்டு குப்பிகள். சதையைப் போல் பத்து மடங்காவது எத்தனால் இருக்கட்டும். 24 மணி நேரம் கழித்துப் பழையதைக் கொட்டிப் புதிதாக ஊற்றுங்கள். சதையிலுள்ள தண்ணீர் இறங்கி எத்தனாலை நீர்க்கச் செய்திருக்கும்.

மார்க்கரில் எழுதியது ஒரு சொட்டு எத்தனால் சிந்தினாலே கரைந்து ஓடிவிடும். காகிதத் துண்டில் பென்சிலால் எண், தேதி, இடம், அட்சரேகை தீர்க்கரேகை, எந்தத் திசு என்று எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். அதே எண்ணை மீனிலும் கட்டுங்கள். எண் பொருந்தாத திசு எந்த மீனுடையது என்று யாராலும் சரிபார்க்க முடியாது.

இப்போது மீன் ஃபார்மலினுக்குப் போகலாம்: கடையில் வாங்கியது 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு. ஊறியபின் தண்ணீரில் அலசி 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள்.

3. குளிரில் வைத்தல்

சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் குப்பிகளை விடாதீர்கள். ஐஸ் பெட்டி அவசியம். வீட்டு ஃப்ரிட்ஜில் தானாகப் பனி நீக்கும் வகையும் சரிப்படாது, அவ்வப்போது தானே சூடேறும். நீண்ட காலத்துக்கு மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி வேண்டும்.

ஆர்என்ஏ (டிஎன்ஏவிலிருந்து படியெடுக்கப்படும், சீக்கிரம் சிதையும் மூலக்கூறு) வேண்டுமென்றால் எத்தனால் இல்லாமல் உடனே திரவ நைட்ரஜனில் (மைனஸ் 196 டிகிரி) உறையவைக்க வேண்டும். கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக் குச்சிகள் வைத்திருக்கும் கேன் இதே வகைதான். குப்பியைத் திரவத்தில் முக்கினால் நைட்ரஜன் உள்ளே புகுந்து, வெளியே எடுக்கும்போது வெடிக்கலாம். அதனால் பெரிய சேகரிப்புகளில் திரவத்துக்கு மேலுள்ள ஆவியில்தான் வைக்கிறார்கள். 1 லிட்டர் திரவம் சுமார் 700 லிட்டர் வாயுவாக விரியும். கண்ணாடி ஏற்றிய காரில் கொண்டுபோனால் மூச்சுத் திணறும்.

இரண்டு குப்பிகளையும் வேறு வேறு கட்டடத்து உறைபெட்டிகளில் வையுங்கள். உருகி உருகி உறைந்தால் டிஎன்ஏ துண்டாகும் என்பதால் ஆய்வுக்கு ஒன்றை மட்டும் எடுங்கள், மற்றதைத் திறக்கவே வேண்டாம். உறைபெட்டியின் காலி இடங்களைத் தண்ணீர் பாட்டில்களால் நிரப்பி உறையவைத்திருந்தால் மின்வெட்டில் குளிர் கூடுதல் நேரம் தாங்கும். கரண்ட் வரும்வரை கதவைத் திறந்து பார்க்காதீர்கள்.